எண்ணூறு கஜம் தள்ளி ஒரு வெள்ளை எருமை

ஓரின் அன்று காலை பதினான்கு மைல் வண்டி ஓட்டினான். அதில் ஒரு மைல்கூட அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

மாவட்டச் சரளை ரோடுகளில் முப்பத்தொரு வருடம் மண் சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். எங்கே சரளை குவியும், எந்த வளைவில் தடம் இடப்பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் கண்ணைவிட அவன் இடுப்புக்கு நன்றாகத் தெரியும். ஜூன் மாத வெயில் முன்கண்ணாடியில் பட்டதும் எதிரே இருந்த மொன்டானா முழுவதும் பாலில் நனைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. புல்வெளி, கம்பி வேலி, தூரத்து மொட்டைக் குன்றுகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மிதந்தன. ஜன்னலை இறக்கிவிட்டு, சக்கரத்தின் அடியில் சரளை எழுப்பும் ஓசையைக் கேட்டபடியே ஊர்ந்து வந்தான். பயமாகத்தான் இருந்தது. அழகாகவும் இருந்தது. அந்த அழகை அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

முக்கியமாக, அக்காவிடம் சொல்ல முடியவில்லை.

அர்லிஸ் விடிகாலையிலேயே தன் வண்டியில் சுடும் மைதானத்துக்கு வந்துவிட்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. ஊர்த் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் முத்திரை குத்தியவள். இரண்டு கல்யாணம் செய்து இரண்டிலிருந்தும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள். அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய பாணித் துப்பாக்கி. காட்டெருமை வேட்டைக் காலத்து மாதிரியில் செய்த, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் நீளக்குழல் துப்பாக்கி, கருமருந்து, ஈயத்தை அவளே உருக்கி வார்த்த குண்டுகள். கடையில் வாங்கிய தோட்டாவைத் தொட மாட்டாள். வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, மருந்தை அளந்து, நீளமான பித்தளைக் குழாய் வழியே மெல்ல மெல்ல வெற்றுத் தோட்டாக்கூட்டுக்குள் இறக்கி, ஒவ்வொன்றாகச் செய்வாள்.

"என்னடா, ஆமை மேல ஏறி வந்தியா?" என்றாள். கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். எண்ணூறு கஜம் தள்ளிச் சுடுகுறியாக நிற்கும் இரும்பு எருமைக்கு அப்போதுதான் பூசிவிட்டு வந்திருந்தாள். "நான் எருமையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைக்காத குறையா நிறுத்தியாச்சு. நீ இப்பத்தான் வர்ற."

"வழியில வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்தேன்க்கா."

"அறுபத்திமூணு வருஷமா பார்க்காத வேடிக்கையா?"

அவன் சிரித்துச் சமாளித்தான். தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தினான். அது அவன் வேலை. அர்லிஸ் சுடுவாள்; அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வான். அவள் அதற்கேற்பக் குறிக்கருவியைத் திருகிக்கொள்வாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். சனிக்கிழமை போட்டி. நான்கு மாநிலத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அதற்காக அர்லிஸ் மூன்று விதமாக மருந்து போட்டுத் தோட்டா செய்து வைத்திருந்தாள். நீலப் பட்டி ஒட்டிய பெட்டி, சிவப்பு, மஞ்சள். எது எருமையோடு சரியாகப் பேசுகிறது என்று இன்று பார்த்துவிட வேண்டும்.

ஓரின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். ஒரு வெளிச்சக் குளம். அதன் நடுவில் கொஞ்சம் அதிக வெளிச்சமான ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதுதான் எருமையாக இருக்க வேண்டும்.

"காலியா?" என்று கேட்டாள் அர்லிஸ். எதிரே ஆளோ விலங்கோ இல்லையே என்று சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். பார்ப்பவன் பதில் சொன்ன பிறகுதான் சுட வேண்டும். அது துப்பாக்கி மன்றத்தின் சட்டம்.

"காலி."

துப்பாக்கி முழங்கியது. நவீனத் துப்பாக்கி மாதிரி சுளீரென்று அறையாது. பெரிய கதவை யாரோ நிதானமாகச் சாத்துவது மாதிரி இருக்கும். வெள்ளைப் புகை உருண்டு எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. அழுகிய முட்டை வாசம். பிறகு மௌனம். கனமான குண்டு, மேலே ஏறி வளைந்து இறங்கி, அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். பட்ட சத்தம் அங்கிருந்து திரும்பி நடந்து வர வேண்டும். நிதானமாக ஐந்து எண்ணலாம். அந்த ஐந்து எண்ணிக்கைக்குள் ஓரின் எப்போதும் எங்கோ போய்விடுவான். புல்வெளிப் பறவை ஒன்று பாட்டை ஆரம்பித்து முடித்துவிடும். உலகத்தில் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்பது போல இருக்கும்.

டணங்.

"பட்டுச்சு," என்றான். காதை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான். சத்தம் தடித்து, சீக்கிரம் அடங்கிவிட்டது. ஓரத்தில் பட்டால் மெலிந்து நீளும். "வயித்துல. நடுவுக்குக் கொஞ்சம் கீழ."

அர்லிஸ் நெம்புகோலை இறக்கி வெற்றுக்கூட்டை எடுத்தாள். குழலின் பின்வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, மூன்று முறை நீளமாக மூச்சை ஊதினாள். உள்ளே படியும் கரி இளகுவதற்காக. முன்வாயில் புகை மெல்லக் கசிந்தது. குளிர்கால மாடு மூச்சு விடுவது மாதிரி.

நீலப் பெட்டியில் பத்துக்கு ஏழு பட்டது. படாத மூன்றையும் ஓரின் ஏதோ சொல்லி ஒப்பேற்றினான். கெட்ட மனசு இல்லை. அவன் அப்பா அறுபது வயதில் இப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் செய்தித்தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு டிராக்டரை வேலியில் விட்டார். பிறகு பதினோரு வருடம் சமையலறை ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். ஓரின் அந்த நாற்காலியை மறக்கவில்லை. டாக்டரிடம் போனால்தானே அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும், போகாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இந்தப் பால்வெளிச்சத்தில் நடமாடலாம் என்று இருந்துவிட்டான்.

சிவப்புப் பெட்டி வந்தது. அர்லிஸுக்கு அதன் மேல்தான் ஆசை. இருநூறு கஜத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்த ஐந்து குண்டும் ஒரு டீக்கோப்பைக்குள் அடங்கியிருந்தன.

முதல் குண்டு. ஐந்து எண்ணினான். ஆறு. ஏழு. மணி அடிக்கவில்லை.

"எங்கடா?"

ஓரின் வாயில் வந்ததைச் சொன்னான். "கீழ. தரையில தூசி கிளம்புச்சு."

அவள் குறிக்கருவியை ஏற்றினாள். அடுத்ததும் ஓசையில்லை.

"இப்ப?"

"இன்னும் கீழதான்."

இன்னும் ஏற்றினாள். மூன்றாவது. நான்காவது. அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "உயரம் இப்ப சரிதான்க்கா. ஆனா அங்க ஒண்ணு இங்க ஒண்ணா சிதறுது," என்றான். அவள் எதையும் திருகாமல் பத்து முடியும்வரை சுட்டாள். ஒரு தடவைகூட அந்த இரும்பு வாயைத் திறக்கவில்லை. புகை மட்டும் எழுந்து எழுந்து, காற்றில்லாத அந்தப் பள்ளத்தாக்கில் மெதுவாகப் படுத்துக்கொண்டது.

அர்லிஸ் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு, வெகு நேரம் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரம்டா," என்றாள். "ஒவ்வொரு குண்டையும் தராசுல போட்டு எடுத்தேன். கை நடுங்குதோ என்னமோ. வயசாயிடுச்சு எனக்கு."

ஓரின் அவள் பக்கம் திரும்பினான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "சாப்பிடலாமா?" என்றுதான் வந்தது.

முட்டை வைத்த சாண்ட்விச்சும் ஃபிளாஸ்க் காப்பியும் சாப்பிட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறி, பூமி கொதிக்கும் பாத்திரத்தின் மேற்பரப்பு போல அலையத் தொடங்கியது. இந்த நேரத்தில் நல்ல கண்ணுக்கே எல்லாம் மிதக்கும். ஓரினுக்கு அதில் ஒரு ஆறுதல். இந்த நேரத்தில் அவனும் எல்லோரைப் போலத்தான்.

"சிவப்பைத் தூக்கிப் போட்டுடலாம்," என்றாள் அர்லிஸ். "மஞ்சளைப் பார்ப்போம். இல்லேன்னா நீலத்தோடயே போறேன். பத்துக்கு ஏழு ஒண்ணும் கேவலமில்ல."

மஞ்சள் பெட்டியைத் திறந்தாள். தோட்டாவைப் போட்டு நெம்புகோலை மூடினாள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தாள்.

"காலியா?"

"காலி."

சத்தம் வரவில்லை. ஓரின் காத்திருந்தான். வழக்கமாக அவன் 'காலி' என்று சொல்லி மூன்று மூச்சுக்குள் முழங்கிவிடும். புல்வெளிப் பறவை பாடியது. வெட்டுக்கிளி ஒன்று அவன் முழங்காலில் உட்கார்ந்து போனது.

"என்னக்கா?"

நெம்புகோல் இறங்கும் ஓசை கேட்டது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டாள்.

"ஓரின்," என்றாள். குரல் மாறியிருந்தது. "தொலைநோக்கியில பாரு. என்ன தெரியுது?"

"எருமை தெரியுது."

"வேற?"

"புல்லு."

"நல்லாப் பாருடா."

பார்த்தான். வெளிச்சம் வெளிச்சத்துக்குள் நெளிந்தது. "ஒண்ணும் இல்லக்கா. காலியாத்தான் இருக்கு."

அர்லிஸ் எழுந்து வந்தாள். மடக்கு நாற்காலி கிறீச்சிட, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயின்ட் வாசமும் கருமருந்து வாசமும் அவளோடு வந்தன.

"எருமைக்கு முன்னால ஒரு மான் நிக்குதுடா. பக்கத்துல ஒரு குட்டி. பிறந்து பத்து நாள் இருந்தா அதிகம். எனக்கு வெறுங்கண்ணாலயே தெரியுது."

ஓரின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டும். முகம் சரியாகத் தெரியாவிட்டாலும், பார்க்க வேண்டும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"போன குளிர்காலத்துலேர்ந்து."

"இன்னைக்குச் சொன்னதெல்லாம்?"

"காதால சொன்னேன். படாததை... வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"வண்டிய எப்படி ஓட்டிட்டு வந்த?"

"அந்த ரோடு முழுக்க எனக்கு மனப்பாடம்க்கா."

"அந்த மானுக்கு மனப்பாடமாடா? ஸ்கூல் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிக்கற பிள்ளைங்களுக்கு மனப்பாடமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். இருவருக்கும் பழக்கமான வழி அது. இந்த மெதுவான குரல் அவனுக்குப் புதிது. மேல்சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான். பிறகு அவள் மடியில் வைத்தான்.

"அப்பா மாதிரி உக்கார முடியாதுக்கா என்னால."

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். தொலைநோக்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தாய் இப்ப தலையைத் தூக்கி நம்மளைப் பாக்குது," என்றாள். "பின்பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு. நம்ம எருமைக்குப் பூசுன அதே வெள்ளை. குட்டி பால் குடிக்குது. முட்டி முட்டிக் குடிக்குது. ஒவ்வொரு தடவை முட்டும்போதும் தாய் ஒரு அடி நகர்ந்து நின்னுக்குது. குட்டியோட காலு இருக்கே, நாலு வைக்கோல் குச்சியைக் குத்தி வெச்ச மாதிரி."

"என்ன நிறம்?"

"குட்டியா? காய்ஞ்ச புல்லு நிறம். இல்ல... பால் அதிகமா ஊத்துன காப்பி."

ஓரின் கண்ணை மூடிக்கொண்டான். மூடியதும் அவை தெளிவாக வந்துவிட்டன. தாயும் குட்டியும், வெள்ளை எருமையின் நிழலில், ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக. காற்று எழுந்து புல்லைச் சாய்ப்பதுகூடத் தெரிந்தது. ஆறு மாதத்தில் அவன் இவ்வளவு தெளிவாக எதையும் பார்த்ததில்லை. அர்லிஸ் சொல்லிக்கொண்டே போனாள். குட்டி படுத்துவிட்டது, தாய் மேய்கிறது, ஒரு பருந்தின் நிழல் கடந்தது. தபால்காரி குரல் அது, எதையும் கூட்டாது, குறைக்காது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ போயிற்று. சுடத்தான் வந்தார்கள் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

மான்கள் தாமாகவே மேட்டுக்கு அப்பால் போன பிறகு, அர்லிஸ் தன் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு எருமையிடம் போனாள். பக்கத்தில் போனதும் அது ஓரினுக்கும் தெரிந்தது. அவன் உயரத்துக்கு மேல் நின்ற வெள்ளை இரும்பு. அவள் அவன் கையைப் பிடித்து, ஈயம் நசுங்கிப் பூப்போல் விரிந்திருந்த இடங்களில் வைத்தாள். வெயிலில் இரும்பு சுட்டது.

"முதல் குண்டு எங்கன்னு சொன்ன?"

"வயித்துல. நடுவுக்குக் கீழ."

"இதோ இருக்கு. ரெண்டாவது?"

"முன்னங்கால் பக்கம், ஓரத்துல."

"அதுவும் இருக்கு. ஏழுல அஞ்சு சரியாச் சொல்லியிருக்கடா, படுபாவி. கண்ணே தெரியாம." அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது. அவள் எருமைக்குப் பின்னாலிருந்த களிமண் மேட்டில் ஏறிப் போவது கேட்டது. "ஓரின், இங்க வா," என்று கூப்பிட்டாள். தட்டுத் தடுமாறி ஏறினான். எருமையின் முதுகுக்கு மேலே, ஒரு ஆள் உயரம் வரைக்கும், மண்ணில் ஓட்டைகள். முதல் ஓட்டை எருமையின் திமிலை ஒட்டி, ஒரு சாண்கூட இராது. அடுத்தது அதற்கு மேலே. அதற்கும் மேலே, மீதி எட்டும் ஒரே கொத்தாக. ஓரின் தொப்பியைக் கழற்றி அந்தக் கொத்தின் மேல் வைத்தான். எட்டும் தொப்பிக்கு அடியில் மறைந்துவிட்டன.

"சிதறவே இல்ல," என்றான்.

"இல்ல."

"உன் கை நடுங்கலக்கா. மேல போனதை நான் கீழன்னு சொன்னேன். நீ இன்னும் மேல ஏத்துன."

"தெரியுது."

"என்னைத் திட்டுக்கா."

"வீட்டுக்குப் போய்த் திட்டறேன். இப்ப சந்தோஷமா இருக்கேன், கெடுக்காத." அவள் விரலை ஒரு ஓட்டைக்குள் விட்டு, இன்னும் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவள் போல வெகு நேரம் வைத்திருந்தாள். "எண்ணூறு கஜத்துல ஒரு தொப்பிடா. என் வாழ்க்கையில இப்படிச் சுட்டதே இல்ல."

திரும்பி வந்து, மிச்சமிருந்த சிவப்புத் தோட்டாக்களை அவளே பார்த்து அவளே சுட்டாள். குறிக்கருவியைப் பழையபடி இறக்கி, அதற்கும் ஒரு மயிரிழை கீழே வைத்தாள். ஓரின் புல்லில் மல்லாந்து படுத்துக் கேட்டான். ஒவ்வொரு முழக்கத்துக்கும் பிறகு ஐந்து எண்ணினான். ஒவ்வொரு ஐந்தின் முடிவிலும் மணி அடித்தது.

புதன்கிழமை அவள் அவனை நூற்றி நாற்பது மைல் தள்ளியிருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் பாதி நல்லதும் பாதி கெட்டதும் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை, அதை எடுத்துவிடலாம். இடக்கண்ணில் அப்பாவின் நோயும் தொடங்கியிருந்தது. போனது போனதுதான், மீதியைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டதற்கு, அர்லிஸ்தான் பதில் சொன்னாள், "வந்துட்டான்ல" என்று. சனிக்கிழமைப் போட்டியில் பக்கத்துப் பண்ணைக்காரி ஒருத்தி தொலைநோக்கி பார்க்க, அர்லிஸ் ஐம்பத்திரண்டு பேரில் நாலாவதாக வந்தாள். ஓரின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பண்ணைக்காரி சொல்வதற்கு முன்னால் சொல்லிச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை ஓரினின் வண்டி மைதானத்திலேயே நிற்க, அவன் அக்காவின் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். பல வருடமாக அவன் யார் ஓட்டியும் தூங்கியதில்லை. அன்று தூங்கிப்போனான். விழித்தபோது வண்டி நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. தேனீக்களின் ரீங்காரம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வந்துட்டோமா?"

"இல்ல. யாரோ தீவனப் பயிர் போட்டிருக்காங்க. பூத்துக் கிடக்கு. பார்க்கலாம்னு நிறுத்தினேன்."

ஓரின் தலையைத் திருப்பினான். கரை இல்லாத, செடி இல்லாத, பூ இல்லாத ஒரு இளஞ்சிவப்பு, ஜன்னல் முழுக்க. அது எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"ரோஸ் நிறம்," என்றான்.

"ஆமா," என்றாள் அர்லிஸ். வண்டியைக் கிளப்பாமல், கைகளை ஸ்டீயரிங்கில் வைத்தபடி, அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.